பேசாமல் போகும் வழி

தை 19, ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சாளுக்கு,

லண்டன் குளிரில் உங்களையும் உங்கள் முழங்கால்களையும் காத்துவருகிற ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி மேபிள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் இருக்கிறோம். சுகமாய் இருக்கிறோம் என்று எழுதினால் அவர் அடுத்த அறையிலிருந்து மறுப்பார். அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் போனை மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் வெட்டுவீர்கள். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே உங்கள் தம்பிக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபிறகு காது மட்டும் முன்னையைவிடக் கூர்மையாகிவிட்டது. நான் சொல்லப்போவது உங்களுக்கு மட்டும்.

முதலில் சபைச் செய்தி. குருவானவர் சுகம், ஆனால் மெலிந்துபோனார். மூன்று ஆலயங்களை ஒரு மோட்டார் சைக்கிளில் கட்டி இழுக்கிற பிள்ளை மெலியாமல் என்ன செய்யும். நம்மிடம் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவதும் நாங்கள், மணி அடிப்பதும் நாங்கள், கோவிலுக்குள் வருகிற ஆடு துரத்துவதும் நாங்கள். பகிர்ந்த ஊழியம் என்று பெயர் போட்டு அவர் வாசலில் அடித்த பலகை அப்படியே இருக்கிறது. பத்மறஞ்சிக்குப் பூவும் பலிபீடத் துணியும். நோயாளர் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோவதற்கு நேரே உங்கள் பெயரும் என் பெயரும். நீங்கள் ஆவணியில் விமானம் ஏறிவிட்டீர்கள். உங்கள் பெயரை அழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்த இடத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

ஆகவே நான் தனியே போகிறேன். நீங்கள் பழக்கின ஒழுங்கை விடவில்லை. ஆராதனை முடிய அந்தச் சின்ன வெள்ளிச் செப்பில் அப்பத்தை வாங்கி, கழுத்தில் மாட்டி, நடந்துதான் போகிறேன். செப்பு கழுத்தில் ஏறினால் நோயாளியின் வீட்டுக்குள் கால் வைக்கும்வரை வாய் திறப்பதில்லை. வழியில் யார் சுகம் கேட்டாலும் தலையசைப்புத்தான். பக்கத்து வீட்டு ஞானாம்பிகை இப்போதும் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி வேலியோரம் நிற்கிறா. திருநீறு பூசின நெற்றியோடு அவ நிற்கிற மரியாதை நம்மவர்கள் சிலருக்கு வராது. ஒன்று மட்டும், இப்போது நேர் ரோட்டிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. வயது போகிறதுதானே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மார்கழியில் கிறகோரி மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்து, மற்ற அம்மா ஏன் படியில நிக்கிறா, வெயிலுக்கை நிக்க விடாதேங்கோ எண்டு சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். படி வெறுமையாகக் கிடந்தது. அவ லண்டனுக்குப் போய்விட்டா மாஸ்டர் என்றேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார், ஆனால் கண் படியிலேயே இருந்தது. அந்தக் கிழமைக்குள் மாஸ்டர் போய்விட்டார். அடக்கத்துக்கு நல்ல சனம்.

அதற்குப் பிறகு மக்டலீன் அக்கா. செபம் முடிய அவ மருமகளைக் கூப்பிட்டு இரண்டு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னா. இரண்டும் எனக்கோ என்று பகிடிக்குக் கேட்டேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று கால்மாட்டிலை இருக்கிறவவுக்கு என்றா. மருமகள் என்னைப் பார்த்தாள், நான் மருமகளைப் பார்த்தேன். புதுவருட ஆராதனைக்கு முன்னம் அக்காவும் இல்லை.

இத்தனை வருடம் நாங்கள் இரண்டு பேராய்ப் போய்வந்த வீடுகள். வயது போனவர்களுக்குப் பழக்கத்தில் இரண்டு பேர் தெரிவது பெரிய காரியமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லி ஒரு வரி எழுதினால் எனக்கு நித்திரை வரும்.

உங்கள் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். ஆலயக் காணியில் கடை கட்டுவதற்குச் சபைக்கூட்டம் கை உயர்த்தின நாளில் வார்டன் வேலையை விட்டு வெளியே வந்த மனுசன், இன்னும் ஆலயத்துக்குள் போகவில்லை. கட்டிலில் விழுந்தும் பிடிவாதம் விழவில்லை. நான் செப்போடு ஊரெல்லாம் போகிறேன். என் வீட்டுக் கட்டில் மட்டும் பட்டினி. அவருக்காக நீங்கள் செபிக்க வேண்டும்.

கர்த்தர் உங்களை அந்தக் குளிரிலிருந்து விலக்கிக் காப்பாராக.

அன்புள்ள,
மேபிள்


பங்குனி 23, லெந்து மூன்றாம் ஞாயிறு

அன்புள்ள மச்சாள்,

ஆண்டவர் உங்களுக்குச் சமாதானம் தரட்டும். உங்கள் கடிதமும் கால்வலித் தைலமும் கிடைத்தன. வயது போனவர்களின் மயக்கம் என்று நீங்கள் எழுதினதை நான் இரண்டு தரம் வாசித்து ஆறுதல் பட்டேன். அந்த ஆறுதல் மாசி கடைசிவரை இருந்தது.

றொசாந்தி என்று ஒரு பிள்ளை. நீங்கள் போனபிறகு கிளிநொச்சியிலிருந்து தமையன் வீட்டுக்கு வந்தவள். சிறுநீரகம் பழுது, கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்து, வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். முப்பது வயதும் இல்லை, ஆனால் தலை தெளிவு. உங்களைக் கண்டதில்லை, உங்கள் படத்தையும் கண்டதில்லை. முதல் தரம் நான் போய் அப்பம் கொடுத்து, செப்பைத் துடைத்து மூடுகிறபோது அவள் மெதுவாய்க் கேட்டாள், உங்களோடை வந்த அன்ரி ஏன் ஒண்டும் கதைக்கேல்லை எண்டு.

எப்படிப்பட்ட அன்ரி என்று கேட்டேன். உயரம், நல்ல மெலிவு, சாம்பல் நிறச் சேலை, கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்ததுபோலக் கால் இரண்டும் ஈரம் என்றாள். மச்சாள், கோபிக்க வேண்டாம். உங்களை யாரும் உயரம் என்றோ மெலிவு என்றோ சொல்லமாட்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவ்வளவு நாளும் நீங்கள்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று. பயந்தபோதிலும் உங்களை நினைத்துத்தான் பயந்திருக்கிறேன். அதனால் அது பெரிய பயமாக இருக்கவில்லை.

இனி நான் எழுதுவதைச் சிரிக்காமல் வாசியுங்கள். செப்போடு நடக்கும்போது என் பக்கத்தில் ஒருவர் நடக்கிறார். நீங்கள் எப்போதும் இடப்பக்கம் வருவீர்கள், வெள்ளைத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு. இது வலப்பக்கம். நம் ஒழுங்கைப் பாதையில் வலப்பக்கம் முள்வேலி. ஆள் நடக்க இடமே இல்லை. ஆனாலும் என் நடைக்கு நடை வருகிறது. நான் மூச்சு வாங்கி நின்றால் அதுவும் நிற்கிறது. நான் பார்க்கவில்லை. ஆள் பக்கத்தில் நிற்பது பார்க்காமலே தெரியும்தானே. என்னைக் கண்டால் குரைத்துத் தொலைக்கிற அந்த மூலைவீட்டு நாய்கள் இப்போது வாலை மடக்கிக்கொண்டு வேலிக்குள் போகின்றன. நடுப்பகல் வெயில், ரோட்டில் சனம், கடையில் பாட்டு. எல்லாம் இருக்கிறபடியே இருக்க இதுவும் இருக்கிறது.

யார் நீ என்று கேட்க வாய் வருகிறது. கேட்கக்கூடாது. செப்பு கழுத்தில். அப்பத்தைக் கொடுத்து வெளியே வந்தபிறகு பேசலாம், அப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை. தனியேதான் திரும்பி வருகிறேன். எங்கள் ஒழுங்கே அதற்கு வசதியாகப் போய்விட்டது.

குருவானவரிடம் சொன்னேன். பாவம், பிள்ளை என்னை நல்ல முகத்தோடு பார்த்து, நீங்கள் களைச்சுப்போனீங்கள் அம்மா, துணைக்கு ஒருவரைப் போடுவம் எண்டார். அடுத்த ஞாயிறு பத்மறஞ்சியைக் கட்டாயப்படுத்தி என்னோடு அனுப்பினார். இடப்பக்கம் அவ, வலப்பக்கம் அது. றொசாந்தி வீட்டுக்குள் போனோம். தமையன் எங்களுக்கு இரண்டு கதிரை போட்டான். பிள்ளை கட்டிலிலிருந்து, அண்ணை, இன்னொரு கதிரை போடுங்கோ, அவ நிக்கிறா எண்டாள். தமையன் போட்டுவிட்டான், சுகமில்லாத பிள்ளை கேட்டதென்று. பத்மறஞ்சி செபப்புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு முழுவதும் ஆமென் சொன்னா. அடுத்த நாளே அவவுக்கு முதுகுப்பிடிப்பு வந்துவிட்டது. பூவும் துணியும் போதுமாம்.

அந்த வெள்ளிக்கிழமை றொசாந்தி போய்விட்டாள். நான் பிரேதத்தின் பக்கத்தில் நின்று அழுதேன், மச்சாள். என்னுடைய பிள்ளைக்கு அழுகிறதுபோல அழுதேன். கையில் கொண்டுபோனது நற்கருணை. அதோடு வேறு எதையும் கூட்டிக்கொண்டு போனேனா என்று யாரிடம் கேட்பேன். ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் நடுங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தவள். கடைசித் தரம் நடுக்கம் இல்லை. அவ இருக்கிறது நல்லது என்றாள். ஆறுதலுக்கு வருகிறதா, எடுக்க வருகிறதா, எனக்குத் தெரியாது.

பத்மறஞ்சியின் வாய் உங்களுக்குத் தெரியும். இப்போது நோயாளர் வீடுகளில் அம்மாவுக்குச் சுகம், இந்த மாசம் வரத் தேவையில்லை என்கிறார்கள். என்னைக் கண்டால் படலையைச் சாத்துகிற வீடும் இருக்கிறது. அதுகூடப் பெரிதில்லை.

பெரிது இதுதான். போன கிழமை உங்கள் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். உப்புக் காணாது என்று குறை சொல்லிவிட்டு, அதே மூச்சில், உயிர்த்த ஞாயிறண்டைக்கு எனக்கும் கொண்டு வா மேபிள் எண்டு சொன்னார். எதை என்று கேட்டேன். ஊருக்கெல்லாம் கொண்டுதிரியிறாய், எனக்கு எதையெண்டு தெரியேல்லையோ எண்டார். இத்தனை வருடம் நான் கேட்ட செபம், மச்சாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

கொண்டுபோனால் அதுவும் கூட வரும். அவர் அதைக் கண்டால் அதிக நாள் தாண்டமாட்டார். கொண்டுபோகாவிட்டால், மனந்திரும்பிக் கேட்ட மனுசனுக்கு மனைவியே அப்பத்தை மறுத்தாள் என்று ஆகும். றொசாந்தி நடுக்கமில்லாமல் அமைதியாகப் போனாள் என்று எழுதினேன். எனக்கு அவர் அமைதியாக வேண்டாம். அவர் உப்புக் காணாது என்று முறைப்பட்டுக்கொண்டு என் வீட்டில் கிடந்தால் போதும்.

நான் என்ன செய்ய? இதற்குப் போனில் பதில் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், செய் அல்லது செய்யாதே என்று மட்டும் சொல்லுங்கள், எனக்கு விளங்கும்.

உங்கள் செபத்தை நம்பி,
மேபிள்


சித்திரை 22, செவ்வாய்

என் அன்பு மச்சாள்,

உயிர்த்தெழுந்த ஆண்டவர் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருப்பாராக.

பாதர் கொண்டுபோகட்டும், நீ வீட்டிலை நில் என்று நீங்கள் போனில் சொன்னது நல்ல யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். என்னோடுதானே அது வருகிறது. நான் செப்பைத் தொடாவிட்டால் அதற்கு வழி இல்லை என்று நானும் நினைத்தேன். குருவானவரிடம் கேட்டேன். உடனே சம்மதித்தார். வார்டன் ஐயாவுக்கு நான் கொண்டு வராமல் ஆர் கொண்டு வாறது எண்டார்.

உயிர்த்த ஞாயிறு காலை ஆராதனைக்கு நான் போகவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்த நாளில் வீட்டில் நின்றேன். உங்கள் தம்பிக்கு முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையணை இரண்டு வைத்துச் சாய்த்தேன். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறியள் என்றேன். பொம்பிளை கிழவியாய்ப் போச்சே என்றார். சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி வைத்தேன். ஞானாம்பிகை வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் மல்லிகைப்பூத் தந்தா. எங்கள் கொண்டாட்டத்துக்கு என்ன பூ வைப்பதென்று தெரியாது, இருந்ததைப் பிடுங்கினேன் என்றா. அந்த மணம் வீடு முழுக்க இருந்தது. நான் நீண்ட காலத்துக்குப் பிறகு சந்தோசமாக இருந்தேன்.

மோட்டார் சைக்கிள் படலையில் நின்றது. குருவானவர் தலைக்கவசத்தோடு செப்பையும் மாட்டிக்கொண்டு வந்தார். ஒழுங்கு பிசகாமல் என்னோடு பேசாமல் கையால் ஆசீர்வாதம் காட்டிவிட்டு உள்ளே போனார். நான் படலையைச் சாத்தத் திரும்பினேன். அவருக்குப் பின்னால் ஒரு மனுசி வந்துகொண்டிருந்தா. நல்ல உயரம். சாம்பல் நிறச் சேலை. ஆலயத்திலிருந்து பாதரோடு யாரோ வந்திருக்கிறா என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்தவவை மறித்து நிற்கலாமா? வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ என்று சொல்லிவிட்டேன். அவ என்னைக் கடந்து போனபிறகு நிலத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாக மழை காணாத முற்றத்தில் ஈரக் காலடி.

கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் உள்ளே பாதர் செபம் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கட்டிலுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தேன். அவ வந்து என் வலப்பக்கம் இருந்தா. நான் தள்ளி இடம் விட்டேன், விடாமல் என்ன செய்ய. பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர்க்குடம் வைத்ததுபோல இருந்தது. நான் அவவைப் பார்க்கவில்லை. உங்கள் தம்பியின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, அந்தக் கண் இந்தப் பக்கம் வரக்கூடாது, வரக்கூடாது என்று, அதுதான் என் செபம்.

மச்சாள், அவர் அவவைக் காணவில்லை. பாதரைப் பார்த்தார், திரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் வெறும் வாங்கைப் பார்க்கிற பார்வைதான். நாக்கை நீட்டி அப்பத்தை வாங்கி, இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். பாதருக்கும் கண் கலங்கியது.

எல்லாம் முடிய உங்கள் தம்பி என்னிடம், நீ ஆருக்கு இடம் விட்டுத் தள்ளி இருந்தனி எண்டு கேட்டார். ஒருவருக்கும் இல்லை, வியர்த்தது என்றேன். படலையிலை ஆரை வாங்கோ வாங்கோ எண்டனி எண்டார். பாதரைத்தான் என்றேன். பாதரும் ஓம் என்றார்.

தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் காணவில்லை, அவர் காணவில்லை, என் மனுசன் எனக்கு இருக்கிறார் என்று வாய்விட்டுச் சொன்னேன். கேத்தல் கொதித்து ஆவி வருகிறபோதுதான் மற்றது விளங்கியது. கண்டது யார் என்று.

அடுப்பை நிறுத்தினேன். பிறகு தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீனி கூடிப்போச்சு என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்ல. இப்போதும் வலப்பக்கம் பார்க்காமல்தான் எழுதுகிறேன். ஆனால் என் பயத்தைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. டிக்கற் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம், மகளிடம் சொல்லுங்கள், அவள் போடுவாள். கெதியாய் வாருங்கள். விடுமுறைக்கு வருகிறேன் என்று அவருக்குச் சொல்லுங்கள், வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

அவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். சோறு குழைய வேண்டும், ஆனால் குழைத்தது தெரியக்கூடாது. தெரிந்தால் ரோசம் வரும். குளிசை எல்லாம் அலுமாரியின் மேல்தட்டில். வெள்ளை காலை, மஞ்சள் இரவு. மாதத்தில் ஒரு தரம் பாதரை வரச் சொல்லியிருக்கிறேன், அதை விடக்கூடாது. முகம் வழிக்கும்போது கழுத்தடியில் ஒரு மச்சம் இருக்கிறது, கவனம். பின்னேரம் ஐந்து மணிக்கு யன்னலைத் திறந்து விடுங்கள், ரோட்டைப் பார்க்க விருப்பம். யார் போகிறார்கள் என்று கேட்பார். தெரியாவிட்டாலும் ஒரு பெயர் சொல்லுங்கள். இரவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அது நித்திரையில். கோபிக்காமல், ஓம் இருக்கிறன் என்று சொல்லுங்கள். அது போதும், திரும்பத் தூங்கிவிடுவார்.

கர்த்தர் உங்கள் வரத்தையும் என் போக்கையும் காப்பாராக.

என்றும் உங்கள்,
மேபிள்